பெரிய சக்கரத்தில் உலகம் சுற்றியவர்

நம்ம பள்ளி சைக்கிள் ஸ்டாண்டில் நிற்கிற வண்டிகளைத் தினமும் பார்க்கிறோம். இரண்டு சக்கரமும் ஒரே அளவு, நடுவில் செயின், டயருக்குள் காற்று. இது எதுவுமே இல்லாத ஒரு சைக்கிளில் உலகத்தையே சுற்றி வந்தார் ஒருத்தர். அவர் பெயர் தாமஸ் ஸ்டீவன்ஸ்.

1854 டிசம்பர் 24 அன்று இங்கிலாந்தில் பெர்க்காம்ஸ்டெட் என்ற ஊரில் பிறந்தார். 1871-இல் அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனார். ரயில்வே ஆலையிலும் சுரங்கத்திலும் வேலை பார்த்தார். அந்த நாட்டை மேற்கிலிருந்து கிழக்குவரை சைக்கிளில் கடக்கணும் என்று ஆசை வந்தபோது அவருக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாது! சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்துதான் பழகினார்.

அவர் வாங்கியது கொலம்பியா கம்பெனியின் கறுப்பு வண்டி. முன்சக்கரத்தின் உயரம் 50 அங்குலம், அதாவது நாலு அடிக்கும் மேல்! பின்சக்கரம் சின்னது. பெடல் முன்சக்கரத்திலேயே இருக்கும். டயர் கெட்டி ரப்பர். காற்றடைத்த டயரை டன்லப் செய்தது 1888-இல்தான். ஒரு கல்லில் மோதினால் போதும், ஓட்டுபவர் தலைகுப்புற முன்னால் விழுவார்.

1884 ஏப்ரல் 22 காலை 8 மணிக்குக் கிளம்பினார். மூட்டை என்று பெரிசாக ஒன்றுமில்லை. காலுறை, ஒரு மாற்றுச் சட்டை, துப்பாக்கி, ஒரு மழைக்கோட்டு. அந்தக் கோட்டுதான் ராத்திரியில் கூடாரம், அதுவே படுக்கை. மலை, பனி, பாலைவனம் எல்லாம் தாண்டி ஆகஸ்ட் 4 அன்று பாஸ்டன் சேர்ந்தார். 3,700 மைல். அதில் மூன்றில் ஒரு பங்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்ததுதான். சாலையே இல்லாத இடத்தில் வேறென்ன செய்வார், பாவம்!

அவுட்டிங் என்ற பத்திரிகை அவரைத் தன் நிருபராக்கியது. 1885 மே 4 அன்று லிவர்பூலிலிருந்து மறுபடி கிளம்பினார். பிரான்ஸ், ஜெர்மனி, ஹங்கேரி, செர்பியா வழியாகத் துருக்கி போய்ச் சேர்ந்தார். துருக்கிக் கிராமங்களில் சாப்பாடும் படுக்க இடமும் கொடுப்பார்கள். ஆனால் வண்டியை ஓட்டிக் காட்டும்வரை விடமாட்டார்கள். எவ்வளவு களைத்துப் போயிருந்தாலும் ஏறித்தான் ஆகணும்! குளிர்காலத்தை டெஹ்ரானில் பாரசீக மன்னரின் விருந்தினராகக் கழித்தார்.

அதற்குப் பிறகுதான் சோதனை. ரஷ்யா தன் நாட்டு வழியாகப் போக அனுமதிக்கவில்லை. சரி, ஆப்கானிஸ்தான் வழியாக இந்தியா போகலாம் என்று 1886 மார்ச்சில் புறப்பட்டார். பஞ்ச்தே என்ற இடத்தில் நடந்த மோதலால் ரஷ்யாவுக்கும் பிரிட்டனுக்கும் பகை முற்றியிருந்த நேரம் அது. தனியாக வரும் வெள்ளைக்காரரை யார் நம்புவார்கள்? பிடித்து ஹெராத்துக்குக் கொண்டுபோய், திரும்பப் பாரசீக எல்லையிலேயே விட்டுவிட்டார்கள். வேறு யாராவது என்றால் வீட்டுக்குப் போயிருப்பார்கள். இவரோ காஸ்பியன் கடல், பாகு, கான்ஸ்டாண்டிநோபிள், சூயஸ் கால்வாய் என்று வந்த திசையிலேயே திரும்பி, பெரிய சுற்றுச் சுற்றிக் கராச்சியில் வந்து இறங்கினார்.

லாகூரிலிருந்து கல்கத்தா வரை கிராண்ட் ட்ரங்க் ரோட்டில் ஓட்டினார். டெல்லி, ஆக்ரா எல்லாம் பார்த்தார். வெயிலும் மழையும் வாட்டினாலும் அந்தச் சாலை அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. நம்ம தென்னாட்டுப் பக்கம்தான் வரவில்லை!

சீனாவில் உயிருக்கே ஆபத்து வந்தது. பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த போர் அப்போதுதான் முடிந்திருந்தது. வெளிநாட்டவர் மேல் கோபமாக இருந்த கூட்டம் ஓர் ஊரில் அவரைக் கல்லால் அடித்தது. காப்பாற்றியதும் சீன அதிகாரிகளே. காவலோடு படகில் ஏற்றி அனுப்பிவைத்தார்கள். இருந்தும் ஆசிய மக்களைக் கொஞ்சம் ஏளனமாகவே அவர் சில இடங்களில் எழுதியிருக்கிறார். அது எனக்குப் பிடிக்கவில்லை. சோறு போட்டதும் காப்பாற்றியதும் அவர்கள்தானே?

1886 டிசம்பர் 17 அன்று ஜப்பானில் யோகோஹாமா துறைமுகத்தில் பயணம் முடிந்தது. கப்பல், ரயிலைக் கழித்துவிட்டு மொத்தம் சுமார் 13,500 மைல். சைக்கிளில் உலகைச் சுற்றிய முதல் மனிதர் இவர்தான். 1935-இல் லண்டனில் இறந்தார்.

அந்தச் சைக்கிளைக் கம்பெனிக்காரர்கள் பல வருஷம் பத்திரமாக வைத்திருந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் இரும்புக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பழைய இரும்போடு இரும்பாக அதையும் கொடுத்துவிட்டார்கள்.