ஆசாப்பின் வீடும் தஞ்சாவூர் சாஸ்திரியார் வீடும்



நம்ம கொடைரோடு ஸ்டேஷன்ல ரயில் வந்து நின்றதும் கவனித்துப் பாருங்கள். கொடைக்கானலுக்குப் போகிற குடும்பம் ஒன்று இறங்கும். பெட்டியை ஒருத்தர் தலையில் தூக்குவார். ஜமுக்காளத்தை இன்னொருத்தர் கக்கத்தில் இடுக்குவார். கைக்குழந்தையை மட்டும் தாய் யாரிடமும் கொடுக்கமாட்டாள். யாருக்கு எந்தச் சுமை என்று அங்கே சண்டை வருகிறதில்லை. எல்லாரும் ஒரே பஸ்ஸைப் பிடிக்கவேண்டும், அவ்வளவுதான்.

வனாந்தரத்தில் லேவியரும் இப்படித்தான் புறப்பட்டார்கள். லேவிக்கு மூன்று குமாரர்: கெர்சோன், கோகாத், மெராரி. கெர்சோன் வீட்டாருக்கு மூடுதிரைகளும் தொங்குதிரைகளும். மெராரி வீட்டாருக்குப் பலகை, தாழ்ப்பாள், தூண், பாதம், முளை, கயிறு. கோகாத் வீட்டாருக்கோ உடன்படிக்கைப் பெட்டியும் பீடங்களும் குத்துவிளக்கும். எண்ணாகமம் 4ஆம் அதிகாரத்தில் முப்பது வயது முதல் ஐம்பது வயது வரைக்கும் எண்ணினபோது கோகாத்தியர் 2,750 பேர், கெர்சோனியர் 2,630 பேர், மெராரியர் 3,200 பேர். மொத்தம் 8,580. இதிலே மெராரியருக்குத்தான் ஆள் அதிகம், வண்டியும் அதிகம்: நாலு வண்டி, எட்டு மாடு. கெர்சோனியருக்கு ரெண்டு வண்டி, நாலு மாடு. கோகாத்தியருக்கு ஒரு வண்டிகூடக் கிடையாது, தோளில்தான் சுமக்கணும். பரிசுத்தமான சுமைக்குச் சவுகரியம் குறைவு! இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வரும், பயமும் வரும்.

தாவீது ராஜாவின் நாளில் பெட்டி எருசலேமில் தங்கிவிட்டது. சுமக்கிற வேலை தீர்ந்தது. அப்போது ராஜா லேவியரை மறுபடியும் எண்ணினார். 38,000 பேரில் 4,000 பேர் வாசல் காக்கிறவர்கள், 4,000 பேர் கீதவாத்தியங்களால் துதிக்கிறவர்கள். பாட்டு ஊழியத்துக்குத் தலைவர்களாக ஆசாப், ஏமான், எதுத்தூன் என்ற மூன்று வீட்டார். தேர்ந்த பாடகர் 288 பேர், 24 வகுப்பு. முறை எப்படிக் கொடுத்தார்கள் தெரியுமா? சீட்டுப் போட்டார்கள். பெரியவன், சிறியவன், குரு, சீஷன் என்ற வித்தியாசமே பார்க்கவில்லை. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

தலைமுறை தலைமுறையாய்ப் பாடுகிற அப்படி ஒரு வீடு நம்ம தமிழ்நாட்டிலும் உண்டு. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் வீடு.

அவர் 1774 செப்டம்பர் 7ந்தேதி திருநெல்வேலியில் பிறந்தார். தகப்பனார் தேவசகாயம் பிள்ளை, அருணாசலம் என்ற பழைய பேரை விட்டுக் கிறிஸ்தவரானவர். 1785ல் சுவார்ட்ஸ் ஐயர் அந்தப் பக்கம் வந்தபோது பையனின் புத்தியைக் கண்டு, தகப்பனாரிடம் கேட்டுத் தன்னோடு தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஐயருக்குக் கலியாணம் இல்லை, பிள்ளை இல்லை. பின்னாளில் ராஜாவான சரபோஜியும் இந்த வேதநாயகமும் அவர் கையில் வளர்ந்த பிள்ளைகள். ஒருவனுக்குச் சிங்காசனம், ஒருவனுக்குப் பாட்டு.

தரங்கம்பாடியில் ஜான் ஐயர் போன்றவர்களிடம் வேதமும் வானசாஸ்திரமும் கற்றார். இருபது வயதாகும் முன்னே தஞ்சாவூரில் உபாத்தியாயர் ஆனார். 1798 பிப்ரவரியில் சுவார்ட்ஸ் ஐயர் மகிமைக்குள் பிரவேசித்தார். இரண்டு வருஷத்துக்கெல்லாம் பெத்லகேம் குறவஞ்சி பிறந்தது. குறத்தி வந்து குறி சொல்கிற நாடகம் நம்ம ஜனங்களுக்குப் பழகினது. அந்தக் கூத்தை எடுத்து, அதிலே பெத்லகேம் நாதரை வைத்துப் பாடிவிட்டார். ஞானத்தச்ச நாடகம், நோவாவின் கப்பற்பாட்டு, மூடவழக்கங்களைக் கண்டிக்கிற சாஸ்திரக்கும்மி, ஆராதனைப் பாட்டுகளுக்கு ஜெபமாலை என்று வரிசையாய் வந்தது. படிக்கத் தெரியாதவனும் மெட்டைப் பிடித்துக்கொண்டு சுவிசேஷத்தை வீட்டுக்குக் கொண்டுபோனான். சுவிசேஷக் கவிராயர் என்று அவருக்குப் பேர் வந்தது. அவர் லுத்தரன் மிஷன் ஆளாச்சே, நமக்கென்ன என்று சொல்லாதீர்கள். நம்ம ஆராதனையில் கைதட்டிப் பாடுகிற கீர்த்தனைகளில் அவருடையது எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் தெரியும்.

இதுவரைக்கும் ஆசாப்பின் கதை. இனிமேல் சொல்லப்போவது எனக்கு வருத்தமான பங்கு. ஆனாலும் வேதம் தாவீதின் பாவத்தை மறைக்கவில்லை, நாம் ஏன் மறைக்கணும்?

தஞ்சாவூர்ச் சபையில் அந்நாட்களில் வேளாளர் ஒரு பக்கமும், தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்ட ஜனம் இன்னொரு பக்கமும் உட்காருகிற வழக்கம் இருந்தது. சுவார்ட்ஸ் ஐயர் நாளிலேயே இருந்தது, அவரும் பொறுத்துக்கொண்டார். 1820களில் வந்த புதிய மிஷனெரிமார், ஹௌப்ரோ ஐயர் முதலானோர், எல்லாரும் சேர்ந்தே உட்காரவேண்டும், ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணவேண்டும் என்றார்கள். சாஸ்திரியார் எதிர்த்தார். பாட்டுக்கும் வழக்கங்களுக்கும் அவர்கள் போட்ட தடைகளையும் சேர்த்தே எதிர்த்தார். அதிலே சிலது நியாயந்தான், நம்ம ராகத்தை விட்டு இங்கிலீஷ் ராகத்தில் மட்டும் பாடு என்றால் எவன் பாடுவான்? ஆனால் சாதி விஷயத்தில் அவர் 1829ல் ஒரு புத்தகமே எழுதினார். சாதி என்பது உலக ஒழுங்கு, அதைத் திருத்துகிறது பைத்தியம் என்கிற கட்சி அவருடையது. அந்தச் சச்சரவில் மிஷன் உத்தியோகம் போயிற்று. பழைய சிநேகிதர் சரபோஜி ராஜா அரண்மனைக் கவியாய் வைத்து ஆதரித்தார். ராஜாவும் 1832ல் மரித்துப்போனார். 1833ல் தானியேல் வில்சன் அத்தியட்சர் சபையில் சாதி கூடாது என்று நிருபம் அனுப்பினபோது, தஞ்சாவூரில் அநேகர் சபையை விட்டே வெளியேறினார்கள்.

எவ்வளவு பெரிய பாத்திரம்! கோகாத்தியரைப்போல அதிபரிசுத்தமானதைத் தோளில் சுமந்தவர். ஆனால் கோராகும் கோகாத்தியன்தானே? பெட்டியைச் சுமக்கிற வீட்டில் பிறந்தும் அவனுக்குத் திருப்தி இல்லை, ஆரோனின் தூபகலசம் வேண்டும் என்றான். சாஸ்திரியாரைக் கோராகு என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. அவர் யாருடைய இடத்தையும் பிடுங்கப்போகவில்லை. தன் இடத்துக்கு வேலி போட்டார். சீட்டுப் போட்டு முறை பிரித்த ஏமான் வீட்டாரிடம் அந்த வேலி இல்லை. லேவியின் வீட்டாருக்குக் கர்த்தர் கொடுத்தது சுமை. தேசத்திலே அவர்களுக்குச் சுதந்தர நிலம்கூடக் கிடையாது.

இதை ஏன் இப்ப எழுதுகிறேன் என்றால், நம்ம சபையிலும் பரம்பரை வந்துவிட்டது. அப்பா கீபோர்டு வாசித்தால் மகன்தான் வாசிக்கணும். தாத்தா உட்கார்ந்த நாற்காலியில் வேறொருத்தர் உட்கார்ந்தால் முகம் சுருங்குது. பாய் சுருட்டுகிறதும் செருப்பு அடுக்குகிறதும் மட்டும் எந்தக் குடும்பத்துக்கும் பரம்பரையாய் வரக்காணோம். மெராரியின் முளைகளையும் கயிறுகளையும் கர்த்தர் பேர்பேராய் எண்ணி ஒப்புவிக்கச் சொன்னார். ஒரு முளை குறைந்தால் கூடாரம் நிற்காது.

கோராகைப் பூமி விழுங்கினது. ஆனால் அவன் குமாரர் சாகவில்லை என்று எண்ணாகமம் 26ல் ஒரு சின்ன வரி இருக்கிறது, அநேகர் தாண்டிப் போய்விடுவார்கள். அந்த வம்சத்தில் சாமுவேல் வந்தார். சாமுவேலின் பேரன் ஏமான் பாடகர் தலைவனானான். அதே வம்சத்தில் இன்னொரு கூட்டம் ஆலயத்தில் வாசல் காத்தது. பதினொரு சங்கீதங்களின் தலைப்பில் கோராகின் புத்திரர் பேர் நிற்கிறது.

சாஸ்திரியார் 1864 ஜனவரி 24ந்தேதி தஞ்சாவூரில் 89ஆம் வயதில் நித்திரையடைந்தார். அவர் வம்சத்தார் சாஸ்திரியார் என்ற பேரோடு கதாகாலட்சேபத்தைத் தலைமுறை தலைமுறையாய் நடத்திவந்திருக்கிறார்கள். அவர் எந்த ஜனத்தோடு ஒரே பாயில் உட்காரமாட்டோம் என்று வாதாடினாரோ, அந்த ஜனத்தின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு ஞாயிறுதோறும் அவர் பாட்டைக் கைத்தாளம் போட்டு, கண்ணீரோடு பாடுகிறார்கள்.