யார் இந்த வல்வில் ஓரி? வட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் கொல்லிமலை வில்

நாண், வில், வட்டத்துண்டு... பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் மனப்பாடம் செய்த வார்த்தைகள் ஞாபகம் இருக்கா? இவை எல்லாமே ஒரு வில்லாளியின் கையில் இருந்தவைதான். சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் கொல்லிமலையில் வாழ்ந்த அந்த வில்லாளியின் கதை இது.

யார் இவர்?

இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் உள்ள கொல்லிமலையை ஆண்ட குறுநில மன்னர் ஓரி. கடையெழு வள்ளல்களில் ஒருவர். வலிமையான வில்லுக்குச் சொந்தக்காரர் என்பதால் 'வல்வில்' ஓரி. அவர் விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், காட்டுப்பன்றி என வரிசையாகத் துளைத்து, கடைசியாகப் புற்றில் இருந்த உடும்பில் போய் நின்றது என்கிறார் புறநானூற்றுப் புலவர் வன்பரணர்.

வில்லுக்கும் வட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?

நாண் பூட்டி, இன்னும் இழுக்காத ஒரு வில்லை நினைச்சுப் பாருங்க. வளைந்திருக்கும் மரம், வட்டத்தின் விளிம்பில் ஒரு பகுதி மாதிரி இருக்கும். கணக்கில் அதன் பெயரும் 'வில்'தான். இரு முனைகளையும் நேராக இணைக்கும் கயிறு 'நாண்'. இரண்டுக்கும் நடுவில் அடைபட்ட இடம் 'வட்டத்துண்டு'. நாண் வட்டத்தின் மையம் வழியே போனால் அது 'விட்டம்'. ஒரு வட்டத்தில் அதைவிட நீளமான நாண் கிடையாது. அதில் பாதி 'ஆரம்'.

அம்பை எங்கே வைப்பாங்க? நாணின் நடுவில், செங்குத்தாக. அந்தக் கோட்டைப் பின்பக்கம் நீட்டினால் வட்டத்தின் மையம் வந்துவிடும். தேற்றமாகப் படித்தது இதைத்தான்.

தமிழில் மட்டும் இப்படி இல்லை. ஆரியபட்டர் பயன்படுத்திய 'ஜ்யா' என்ற சொல்லுக்கும் வில்லின் நாண் என்றே பொருள். ஆங்கிலத்தின் 'ஆர்க்', வில்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் இருந்து வந்தது.

புகழ்ந்தால் வெட்கப்படுவார்

நாண் என்றால் தமிழில் வெட்கமும்தான். வேட்டையாடியவர் யாரென்று தெரியாமலே கலைஞர்கள் மன்னனைப் புகழ்ந்து பாட, ஓரி கூச்சத்தில் நெளிந்தாராம். அப்புறம் சமைத்த மான்கறியும் மதுவும் தந்து, தன் மலையில் விளைந்த பொன்னையும் மணிகளையும் அள்ளிக் கொடுத்தார் என்கிறது அதே பாடல்.

எப்படி இறந்தார்?

ஓரியைக் கொன்றவர் திருக்கோவிலூர் மலையமான் திருமுடிக்காரி. அவரும் கடையெழு வள்ளல்களில் ஒருவர்தான். ஓரியை வீழ்த்தி, கொல்லிமலையைச் சேரருக்குக் கொடுத்தார் காரி. ஓரியின் தெருவுக்குள் காரி நுழைந்தபோது எழுந்த கூச்சலை நற்றிணை பதிவு செய்திருக்கிறது.

இன்று?

கொல்லிமலை செம்மேட்டில் ஓரிக்குச் சிலை இருக்கு. ஆண்டுதோறும் ஆடி 17, 18-ல் அரசு விழா எடுக்கிறது. வில்வித்தைப் போட்டியும் உண்டு.

போகிற வழியில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவும் ஒரு வில். வளைவைச் சுற்றாமல் குறுக்கே நேராக ஏறினால், அந்தக் குறுக்குவழிதான் நாண்.