கூரை கற்ற கலைஞர்

முகத்திற்குப் புருவம் எப்படியோ, கட்டடத்திற்கு இறவாரம் அப்படி. சுவரைத் தாண்டி நீண்டு இறங்கும் கூரையின் அந்த ஓரத்தை நாம் நின்று பார்ப்பதில்லை. நானும் பார்த்ததில்லை, சென்ற ஆனியில் திருவனந்தபுரம் நேப்பியர் அருங்காட்சியகத்தில் மழைக்கு ஒதுங்கி நிற்கும் வரையில்.

அக்கட்டடத்தை வடிவமைத்தவர் ராபர்ட் சிசோம். 1840-இல் பிறந்த ஆங்கிலேயர். இளம் வயதிலேயே, சென்னை மாநிலக் கல்லூரிக்கும் பல்கலைக்கழக செனட் இல்லத்திற்கும் வரைபடம் கோரி நடந்த போட்டியில் வென்றவர். 1870-இல் எழுந்த மாநிலக் கல்லூரியில் இத்தாலியச் சாயலே மிகுதி. தாம் அறிந்ததை இங்கே கட்டினார் எனலாம். அத்துடன் நின்றிருந்தால் அவரைப் பற்றி நான் எழுத நேர்ந்திராது.

மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனையைப் புதுப்பிக்கும் பணி அவரிடம் வந்தது. பழுது பார்க்கச் சென்றவர் பாடம் கேட்டுத் திரும்பினார். 1879-இல் நிறைவுற்ற செனட் இல்லத்தில் இந்நாட்டுச் சாயல் குடிபுகுந்தது. அடுத்த ஆண்டு நிறைவுற்ற நேப்பியர் அருங்காட்சியகத்திலோ, மலையாள நாட்டுத் தச்சர்களின் கூரையே தலைமை ஏற்றது. செங்குத்தாய்ச் சரியும் ஓட்டுக் கூரைகள், மரவேலை செறிந்த முக்கோண முகப்புகள், சுவருக்குக் குடை பிடிக்கும் இறவாரங்கள்! சரிவு மழையை வழித்துவிடுகிறது. நீட்சி சுவரைக் காக்கிறது. முகப்பின் திறப்புகள் வெப்பக் காற்றை வெளியேற்றுகின்றன. இவற்றுள் எதுவும் வெறும் ஒப்பனை அன்று. பயனே அங்கு அழகாய் நிற்கிறது.

சென்னைக் கலைப் பள்ளிக்குத் தலைவராகவும் விளங்கிய அப்பெருமகனார், 1915-இல் மறைந்தார். ஆளும் இனத்தில் பிறந்தும் ஆளப்படுவோரின் உளிக்கு மாணவரானதே அவர் பெருமை என்பேன்.

குமரி மாவட்டத்தில் எங்கள் ஓட்டு வீட்டைப் பிரித்துத் தளம் போடும் பேச்சு நடக்கிறது. செலவைக் குறைக்கச் சன்ஷேடு வேண்டாம் என்றார் அப்பா. சிசோமின் கதையைச் சொன்னேன், அவர் அசையவில்லை. எதிர் வீட்டின் சன்ஷேடு இல்லாத சுவரில் மழைநீர் வழிந்த கறையைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, இரண்டடி விடுமாறு கொத்தனாரிடம் சொன்னார்.

நண்பர்களே, உங்கள் ஊரின் பழைய கூரைகளைப் பிரிக்குமுன் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். அங்கே ஓர் ஆசிரியர் இருக்கக்கூடும்.