மண்ணுக்கு உயிர் கொடுத்த மாமேதை

அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். மிசௌரி மாநிலத்தில், மோசஸ் கார்வர் என்பவரின் பண்ணைக்குள் ஒரு கொள்ளைக் கூட்டம் புகுந்தது. அங்கிருந்த மேரி என்ற அடிமைப் பெண்ணையும், அவளுடைய கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

மோசஸ் ஓர் ஆளை அனுப்பித் தேடச் செய்தார். குழந்தை மட்டும்தான் கிடைத்தது. அதை மீட்டு வந்தவருக்கு மோசஸ் ஒரு குதிரையைப் பரிசாகக் கொடுத்தார். தாய் என்ன ஆனாள் என்பது கடைசி வரை தெரியவே இல்லை.

அந்தக் குழந்தைதான் பிற்காலத்தில் உலகமே போற்றிய வேளாண் விஞ்ஞானி ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்!

1865-இல் அடிமை முறை ஒழிந்தது. மோசஸும் அவர் மனைவி சூசனும் ஜார்ஜைத் தங்கள் வீட்டிலேயே வளர்த்தார்கள். அடிக்கடி நோய்வாய்ப்பட்டதால் அவனால் கடினமான வேலைகளைச் செய்ய முடியவில்லை. காட்டில் திரிந்து செடிகளைக் கவனிப்பான். வாடிய செடிகளைப் பிழைக்க வைப்பான். அக்கம்பக்கத்தினர் அவனைச் செடி டாக்டர் என்றே அழைத்தார்கள்.

அருகிலிருந்த பள்ளியில் கறுப்பினக் குழந்தைகளைச் சேர்க்கவில்லை. எனவே பல மைல் தூரத்தில் இருந்த நியோஷோ என்ற ஊருக்குப் போய்ப் படித்தான். துணி துவைத்தும் சமையல் செய்தும் பிழைத்தான். பிறகு கான்சாஸ் மாநிலத்துக் கல்லூரி ஒன்றில் கடிதம் மூலம் இடம் கிடைத்தது. ஆசையோடு போனான். அவன் நிறத்தைப் பார்த்ததும் சேர்க்க மறுத்துவிட்டார்கள்!

ஜார்ஜ் மனம் தளரவில்லை. 1891-இல் அயோவா வேளாண் கல்லூரியில் சேர்ந்தார். அங்கு படித்த முதல் கறுப்பின மாணவர் அவர்தான். 1896-இல் முதுகலைப் பட்டம் பெற்றார்.

அதே ஆண்டு, அலபாமா மாநிலத்தில் கறுப்பின மக்களுக்காக நடந்த டஸ்கீகி கல்வி நிலையத்தின் தலைவர் புக்கர் வாஷிங்டன் அவரை ஆசிரியராக அழைத்தார். அங்கே ஆய்வுக்கூடத்துக்குக் கருவிகள் இல்லை. குப்பையில் கிடந்த பாட்டில்களையும் ஜாடிகளையும் பொறுக்கி வந்து, ஆய்வுக் கருவிகளாக மாற்றினார் கார்வர்.

சுற்றிலும் இருந்த ஏழை விவசாயிகள் ஆண்டுதோறும் பருத்தியையே பயிரிட்டதால், நிலம் சத்திழந்து கிடந்தது. கடனில் மூழ்கிய அவர்களால் விலை கொடுத்து உரம் வாங்க முடியவில்லை.

கார்வர் இரண்டு எளிய வழிகளைச் சொல்லிக்கொடுத்தார். ஒன்று, தட்டைப்பயறு, நிலக்கடலை போன்றவற்றை மாற்றி மாற்றிப் பயிரிடுவது. இவற்றின் வேர்களில் சிறு முடிச்சுகள் இருக்கும். அவற்றுக்குள் வாழும் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள், காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக மாற்றித் தரும். அறுவடைக்குப் பின் செடிகளை மண்ணிலேயே மக்கவிட்டால், நிலத்துக்கும் அந்தச் சத்து சேரும்.

மற்றொன்று, மக்கிய உரம். காட்டு இலைகள், சதுப்பு நிலச் சேறு, வீட்டுக் கழிவுகள் ஆகியவற்றைக் குவித்து மக்கவைத்தார். நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைத்து, நல்ல எருவாக்கின. இதற்குச் செலவே இல்லை!

ஏழைகளின் சாப்பாட்டில் காய்கறியும் இடம்பெற வேண்டும் என்று அவர் விரும்பினார். 1918-இல் தக்காளிக்கென்றே ஒரு சிறு நூல் எழுதினார். தக்காளியை வளர்ப்பது எப்படி என்பதோடு, அதைச் சமைக்க 115 வழிகளும் அதில் இருந்தன!

படிக்க வர முடியாத விவசாயிகளுக்காக, 1906-இல் ஒரு வண்டியே பள்ளிக்கூடமானது. கருவிகளும் விதைகளும் ஏற்றிய அந்தக் குதிரை வண்டி, ஊர் ஊராகச் சென்று விவசாயம் கற்பித்தது.

47 ஆண்டுகள் டஸ்கீகியிலேயே உழைத்த கார்வர், தன் சேமிப்பை ஆராய்ச்சிக்காகவே கொடுத்துவிட்டு, 1943 ஜனவரி 5-இல் மறைந்தார். அவர் பிறந்த பண்ணை அதே ஆண்டு தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது.

குட்டீஸ், நீங்களும் செய்து பார்க்கலாமே! அடியில் துளையுள்ள பழைய தொட்டியில் காய்கறித் தோல், காய்ந்த இலை, கொஞ்சம் தோட்டத்து மண் என்று அடுக்கடுக்காகப் போடுங்கள். ஈரம் காயாமல் அவ்வப்போது கிளறி விடுங்கள். சில மாதங்களில் மண் வாசனையுடன் கறுப்பு உரம் தயாராகிவிடும். அதை மண்ணோடு கலந்து ஒரு தக்காளி விதையை ஊன்றுங்கள். வேண்டாம் என்று நாம் தூக்கி எறிவது, செடிக்கு விருந்தாவதைக் கண்ணாரக் காண்பீர்கள்!