இரேனியம் தந்த இடா நொடாக் அம்மையார்

எமது ஆய்வுகூடச் சுவரில் தொங்கிய ஆவர்த்தன அட்டவணையை நாம் எல்லோரும் மனனம் செய்தவர்கள்தாம். எழுபத்தைந்தாம் இலக்கத்தில் இரேனியம் என்றிருக்கும். அதைக் கண்டுபிடித்தவர்களுள் ஒருவர் பெண் என்று அன்று எமக்கு எவரும் சொல்லவில்லை. ஆகவே இம்மலரில் அவரது வாழ்வைச் சிறிது எழுத விரும்பினோம்.

இடா ரக்கே 1896ஆம் ஆண்டு பெப்ரவரி 25ஆம் திகதி ஜேர்மனியின் ரைன் நதிக்கரை நகரான வேசலுக்கு அருகே பிறந்தார். தந்தையார் வார்னிசு செய்யும் சிறு தொழிற்சாலை ஒன்றை நடத்தியவர். ஆசிரியையாக இடாவுக்கு விருப்பமில்லை. (எம்மில் அரைவாசிப் பேர் ஆசிரியைகள், மன்னித்து விடுவோம்!) பிரஷ்யப் பல்கலைக்கழகங்கள் பெண்களை அனுமதிக்கத் தொடங்கிப் பத்தாண்டுகூட ஆகாத 1915இல், பேர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் கற்கச் சேர்ந்தார். 1921இல் கலாநிதியானார். பின்னர் பெண்களைக் காண்பதரிதான தொழிற்றுறை ஆய்வுகூடங்களில் பணியாற்றினார்.

அக்காலத்தில் அட்டவணையில் மங்கனீசுக்குக் கீழே 43, 75 என இரு இடங்கள் வெறுமையாக இருந்தன. இடாவும் வோல்ரர் நொடாக்கும், எக்ஸ் கதிர் நிபுணரான ஒற்றோ பேர்க்கும் தாதுக்களை ஆராய்ந்து, 1925இல் இரண்டையும் கண்டதாக அறிவித்தனர். 75ஆவதற்கு ரைன் நதியின் பெயரால் இரேனியம் என்றும், 43ஆவதற்கு மசூரியா பிரதேசத்தின் பெயரால் மசூரியம் என்றும் பெயரிட்டனர். அடுத்த ஆண்டு இடாவும் வோல்ரரும் மணம் புரிந்தனர். 1928இல் 660 கிலோகிராம் மொலிப்தீனத் தாதைப் பதப்படுத்தி ஒரேயொரு கிராம் இரேனியத்தைப் பிரித்தெடுத்தனர். ஒரு கிராம்! இன்று ஜெற் விமான இயந்திரங்களின் வெப்பந்தாங்கும் உலோகக் கலவைகளில் அது சேர்க்கப்படுகிறது.

மசூரியத்தை வேறெவராலும் காண முடியவில்லை. 1937இல் இத்தாலியில் 43ஆம் மூலகம் செயற்கையாகக் கிடைத்தது, அதுவே தெக்கினீசியம். நொடாக் தம்பதியர் தமது உரிமையைக் கைவிடாதது அவர்களது நற்பெயருக்கு ஊறாயிற்று. இது அவர்கள் செய்த தவறு என்றே நாம் கருதுகிறோம்.

அதற்கிடையில், 1934இல், உரோமில் என்றிக்கோ பேர்மி யுரேனியத்தின்மீது நியூத்திரன்களை மோதவிட்டு 93ஆம் மூலகத்தைப் பெற்றதாக நம்பினார். இடா அம்மையார் ஒரு கட்டுரையில் மறுப்புத் தெரிவித்தார். பேர்மி ஈயம் வரையுள்ள மூலகங்களை மட்டுமே விலக்கிப் பார்த்திருக்கிறார்; அறிந்த மூலகங்கள் அனைத்தையும் பார்த்த பின்னரல்லவா புதியது என்று சொல்ல வேண்டும்? கரு பல பெரிய துண்டுகளாக உடைந்திருக்கவும் கூடுமே என்று கேட்டார். கரு உடையும் என்பதை அன்று எவரும் நம்பவில்லை. அவரும் பரிசோதனை செய்து காட்டவில்லை. 1938 முடிவில் ஒற்றோ ஹானும் ஸ்திராஸ்மனும் யுரேனியத்திலிருந்து பேரியம் வந்ததைக் கண்டனர். லீசே மைற்னரும் பிரிஷ்சும் அதுவே கருப்பிளவு என விளக்கினர். தமது கட்டுரையை இடா நினைவூட்டி எழுதியபோது ஹான் பதில் எழுதவில்லை. நோபல் பரிசு ஹானுக்குக் கிடைத்தது.

இடா அம்மையாரும் கணவரோடு பலமுறை நோபலுக்குப் பிரேரிக்கப்பட்டார்; கிடைக்கவில்லை. எனினும் 1931இல் ஜேர்மன் இரசாயனவியலாளரின் லீபிக் பதக்கமும், 1934இல் சுவீடனின் ஷீலே பதக்கமும் வந்தன. பதக்கங்கள் வந்தனவே தவிரச் சம்பளம் வரவில்லை. பொருளாதார நெருக்கடிக் காலத்தில், 1932இல், மணமான பெண்களை அரச சேவையிலிருந்து விலக்க இடமளிக்கும் சட்டம் வந்தது. கணவரின் ஆய்வுகூடங்களில் அவர் பெரும்பாலும் ஊதியமின்றியே உழைத்தார். ஊதியத்தோடு பதவி கிடைத்தது ஹிட்லரின் படைகள் பிடித்திருந்த ஸ்திராஸ்பூர்க்கில். அதுவும் 1944இல் முடிந்தது. போரின் பின் சில ஆண்டுகள் துருக்கியில் வாழ்ந்து, 1956இல் பாம்பேர்க் ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார்.

கணவர் 1960இல் மறைந்தார். 1966இல், எழுபது வயதில், ஹம்பேர்க் பல்கலைக்கழகத்தின் கௌரவ கலாநிதிப் பட்டமும் நாட்டின் உயர் விருதான கூட்டாட்சிச் சேவைச் சிலுவையும் அவருக்கு வழங்கப்பட்டன. 1978 செப்டெம்பர் 24ஆம் திகதி, ரைனில் கலக்கும் ஆர் ஆற்றங்கரையிலுள்ள பாட் நொயனாரில் காலமானார்.