வழக்குத் தொடுநரிலிருந்து பிரதம நீதியரசர் வரை: ஏர்ல் வொரன்

குற்றம் செய்தவர் தண்டிக்கப்பட வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், குற்றஞ்சாட்டப்பட்டோர் எல்லோரும் குற்றவாளிகள் அல்லர். இந்த வேறுபாட்டைச் சட்டத்தில் நிலைநிறுத்தியவர், குற்றஞ்சாட்டுவதையே தொழிலாகக் கொண்டிருந்த ஒருவர் என்பது வியப்புக்குரியது.

ஏர்ல் வொரன் 1891 மார்ச் 19 ஆம் திகதி அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பிறந்தார். தந்தை ஒரு புகையிரதத் தொழிலாளி. பேர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்ற வொரன், 1925 இல் அலமேடா மாவட்டத்தின் வழக்குத் தொடுநராக நியமிக்கப்பட்டார். அங்கு அப்பதவிக்கு உரியவரை மக்களே வாக்களித்துத் தெரிவு செய்வர். 1926, 1930, 1934 ஆகிய மூன்று தேர்தல்களிலும் அவரே வென்றார்.

அது மதுவிலக்குக் காலம். சட்டவிரோத மது வியாபாரிகளிடம் இலஞ்சம் பெரும் பணமாகப் புரண்டது. மாவட்டத்தின் சட்டம் ஒழுங்குக்குப் பொறுப்பான ஷெரிப் மீதே வொரன் வழக்குத் தொடுத்துச் சிறைக்கு அனுப்பினார். அதேவேளை, வசதியற்ற பிரதிவாதிகளுக்காக வாதாடும் அரச சட்டத்தரணி அலுவலகம் 1927 இல் அம்மாவட்டத்தில் உருவாகவும் துணை நின்றார். எதிர்த்தரப்புக்கும் பலம் இருந்தால்தான் வழக்கு நீதியாகும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

1938 இல் கலிபோர்னியாவின் சட்டமா அதிபர் பதவிக்கு அவர் போட்டியிட்டுக் கொண்டிருந்தபோது, தந்தை வீட்டிலேயே படுகொலை செய்யப்பட்டார். கொலையாளி இறுதிவரை அகப்படவில்லை. தேர்தலில் வொரன் வென்றார்.

அவரது வாழ்வில் ஒரு கறையும் உண்டு. 1942 இல் யுத்தப் பீதியில், ஜப்பானிய வம்சாவளியினரை மேற்குக் கரையோரத்திலிருந்து அகற்றுமாறு வற்புறுத்தியோரில் அவரும் ஒருவர். எந்தக் குற்றமும் நிரூபிக்கப்படாமலேயே இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அதற்காக வருந்தியதைப் பிற்காலத்தில் தம் நினைவுக் குறிப்புகளில் அவர் எழுதி வைத்தார்.

மாநில ஆளுநராக இருந்தபின் 1953 இல் நாட்டின் பிரதம நீதியரசரானார். மறு ஆண்டே, பாடசாலைகளில் கறுப்பின மாணவரைப் பிரித்து வைப்பது அரசியலமைப்புக்கு முரணானது என நீதியரசர்கள் அனைவரும் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். 1966 இல் மிராண்டா வழக்கின் தீர்ப்பை வொரனே எழுதினார். பொலிஸ் காவலிலுள்ள சந்தேகநபரை விசாரிக்குமுன், மௌனமாக இருக்கவும் சட்டத்தரணியின் உதவி பெறவும் அவருக்கு உரிமையுண்டு என அறிவிக்க வேண்டும் என்பதே அத்தீர்ப்பு.

குற்றவாளிகளைத் தப்பவிடும் தீர்ப்பு எனப் பலர் சீறினர். ஆனால் மிராண்டா விடுதலையாகவில்லை. மறு ஆண்டு, முதலில் பெறப்பட்ட அந்த வாக்குமூலம் இன்றியே மீண்டும் விசாரிக்கப்பட்டுத் தண்டிக்கப்பட்டார். நேர்மையான வழியிலும் குற்றத்தை நிரூபிக்கலாம் என்பது தெளிவாயிற்று.

1969 இல் ஓய்வு பெற்ற வொரன், 1974 ஜூலை 9 ஆம் திகதி காலமானார். தந்தையைக் கொன்றவனுக்குத் தண்டனை கிடைப்பதை அவர் காணவில்லை. ஆயினும், குற்றஞ்சாட்டப்பட்டவரின் உரிமையைக் காப்பதில் அவர் பின்வாங்கவில்லை. பழிவாங்கும் உணர்வுக்கும் நீதிக்கும் இடையிலான தூரத்தை அவரது வாழ்க்கை நமக்குக் காட்டுகிறது.