பிள்ளைகளைக் கவனிக்கச் சொல்லித்தந்த மரியா மாண்டிசோரி

1939ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 69 வயது இத்தாலியப் பெண்மணி ஒருவர் சென்னைக்கு வந்தார். அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு ஒன்றை நடத்திவிட்டு ஐரோப்பாவுக்குத் திரும்புவது அவரது திட்டம். இரண்டாம் உலகப் போர் அந்தத் திட்டத்தை மாற்றியது. அவர் ஐரோப்பா திரும்பியது 1946ஆம் ஆண்டில்தான்.

அவர் டாக்டர் மரியா மாண்டிசோரி. சிங்கப்பூரில் பாலர் பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் நாம் அடிக்கடி பார்க்கும் பெயர்தான் அது. அதை ஒரு நிறுவனத்தின் பெயர் என்று நினைப்பவர்களும் நம்மிடையே உண்டு. அடுத்து என்ன படிக்கலாம் என்று யோசிக்கும் மாணவர்கள், அதிலும் சிறு பிள்ளைகளோடு பணியாற்றும் எண்ணம் உள்ளவர்கள், அந்தப் பெயருக்குப் பின்னால் உள்ள வாழ்க்கையை அறிந்துகொள்வது பயனுள்ளது.

பொறியியலிலிருந்து மருத்துவத்துக்கு

மரியா 1870ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் தேதி இத்தாலியின் கியாரவாலே என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை அரசாங்க அதிகாரி. தாயார் ரெனில்டே, படிப்பில் ஆர்வம் கொண்டவர். வீட்டுக்கு ஒரே பிள்ளை மரியா.

அந்தக் காலத்தில் படிக்கும் பெண்களுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு வழிதான் காட்டப்பட்டது. அது ஆசிரியர் வேலை. மரியாவுக்கு அதில் விருப்பமில்லை. பொறியாளராக வேண்டும் என்று 13 வயதில் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். பிறகு மனம் மாறி, மருத்துவம் படிக்கத் தீர்மானித்தார். ஆண் மாணவர்களுடன் சேர்ந்து பிரேதப் பரிசோதனை கற்பது பெண்ணுக்குத் தகாது என்று கருதப்பட்டதால், மற்றவர்கள் போன பிறகு தனியாக அந்தக் கூடத்தில் இருந்து படிக்க வேண்டியிருந்தது. 1896இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் மருத்துவர்களில் அவரும் ஒருவர். அதே ஆண்டு பெர்லினில் நடந்த அனைத்துலக மகளிர் மாநாட்டில் கலந்துகொண்டு, உழைக்கும் பெண்களுக்குச் சம ஊதியம் வேண்டும் என்று பேசினார்.

ஆசிரியர் வேலையே வேண்டாம் என்று ஒதுங்கிய அந்தப் பெண்தான், பின்னாளில் உலகெங்கும் ஆயிரக்கணக்கான ஆசிரியர்களை உருவாக்கினார்.

ரொட்டித் துணுக்குகள் சொன்ன சேதி

பட்டம் பெற்ற பிறகு மரியா ரோம் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவப் பிரிவில் பணியாற்றினார். அப்போது மனநலக் காப்பகங்களுக்குச் செல்ல நேர்ந்தது. அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளைப் பெரியவர்களோடு சேர்த்து அங்கே அடைத்து வைத்திருந்தனர். சாப்பிட்டு முடித்ததும் அந்தப் பிள்ளைகள் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவதைக் காப்பாளர் அருவருப்போடு குறிப்பிட்டார். மரியா அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். கையில் எடுத்துத் தொட்டுப் பார்க்க அங்கே வேறு எந்தப் பொருளும் இல்லை. பிள்ளைகள் தேடியது உணவை அன்று, கைகளுக்கு ஒரு வேலையை என்று அவருக்குத் தோன்றியது.

அந்தக் கணிப்பைத் தொடர்ந்து அவர் நிறையப் படித்தார். காது கேளாத பிள்ளைகளோடும் அறிவுத்திறன் குறைந்த பிள்ளைகளோடும் பணியாற்றிய இட்டார், செகான் என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்களின் எழுத்துகளில் மூழ்கினார். 1900ஆம் ஆண்டில் இத்தகைய பிள்ளைகளுக்காக ரோமில் தொடங்கப்பட்ட பள்ளியின் இணை இயக்குநரானார். படிக்கவே முடியாது என்று கைவிடப்பட்ட பிள்ளைகளில் சிலர் எழுதப் படிக்கக் கற்று, மற்றப் பிள்ளைகள் எழுதும் தேர்விலும் தேறினர். எல்லாரும் பாராட்டினார்கள். மரியாவின் மனத்திலோ வேறொரு கேள்வி எழுந்தது. இவர்களே இவ்வளவு தூரம் வர முடிந்தால், சாதாரணப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் ஏன் அதே இடத்தில் நிற்கிறார்கள்?

அடுக்குமாடியின் கீழே ஒரு வீடு

அந்தக் கேள்விக்கு விடை தேட 1907இல் வாய்ப்பு வந்தது. ரோமின் சான் லொரென்சோ ஏழைத் தொழிலாளர்கள் வாழும் பகுதி. அங்கே ஒரு கட்டட நிறுவனம் பழைய அடுக்குமாடிகளைச் சீரமைத்து வாடகைக்கு விட்டது. பெற்றோர் வேலைக்குப் போன பிறகு, பள்ளி வயதை எட்டாத பிள்ளைகள் படிக்கட்டுகளில் ஓடித் திரிந்து சுவர்களைப் பாழாக்கினார்கள். அவர்களை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்தால் பழுதுபார்க்கும் செலவு மிச்சம் என்று நிறுவனம் கணக்குப் போட்டது. மரியா அந்தப் பொறுப்பை ஏற்றார். 1907 ஜனவரி 6ஆம் தேதி, சுமார் 50 பிள்ளைகளோடு அந்தக் கட்டடத்திலேயே முதல் ‘குழந்தைகள் இல்லம்’ திறக்கப்பட்டது.

பொங்கோலில் வசிப்பவர்களுக்கு இது பழக்கமான காட்சி. வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் பாலர் பள்ளி, மேலே வீடு, காலையில் பிள்ளையை விட்டுவிட்டு எல்ஆர்டி ரயிலுக்கு ஓடும் பெற்றோர். வீடு இருக்கும் கட்டடத்திலேயே பள்ளியும் இருந்தால் வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதை மரியா அன்றே எடுத்துச் சொன்னார்.

அங்கே முதலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர் பயிற்சி பெற்ற ஆசிரியர் அல்லர். அந்தக் கட்டடக் காவலாளியின் மகள். பெரிதாக எதையும் சொல்லித்தர வேண்டாம், கொடுத்த பொருள்களைப் பிள்ளைகள் எப்படிக் கையாள்கிறார்கள் என்று பார்த்துச் சொன்னால் போதும் என்றார் மரியா. ஒரு நாள் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்திக்கொண்டிருந்தாள். சுற்றிலும் மற்றப் பிள்ளைகளைப் பாட வைத்தும், அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தும் அவளுடைய கவனம் சிதறவில்லை. நாற்பது தடவைக்கும் மேல் அதையே செய்துவிட்டு, தூங்கி எழுந்ததுபோல் மலர்ச்சியோடு நிமிர்ந்தாள். சிறு பிள்ளைகளால் ஒன்றில் மனம் ஊன்ற முடியாது என்ற நம்பிக்கை அத்தோடு உடைந்தது.

மரியா மேசை, நாற்காலிகளைப் பிள்ளைகளின் உயரத்துக்குச் செய்ய வைத்தார். பூட்டிய அலமாரிக்குப் பதில், அவர்கள் கைக்கு எட்டும் தட்டுகளில் பொருள்களை வைத்தார். பரிசும் தண்டனையும் தேவையில்லை என்று கண்டு அவற்றை நிறுத்தினார். சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவச் செய்தார். நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதிப் பழகியது போன்றதுதான் இதுவும். எழுத்தின் வடிவம் முதலில் கைக்குத் தெரிகிறது, பிறகு கண்ணுக்கு. நான்கைந்து வயதிலேயே அங்கிருந்த பிள்ளைகள் எழுதத் தொடங்கினார்கள். செய்தி பரவி, பல நாடுகளிலிருந்தும் பார்வையாளர்கள் வரத் தொடங்கினர். 1915இல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் கண்ணாடிச் சுவர் கொண்ட மாண்டிசோரி வகுப்பறையைக் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள்.

எதிர்ப்பும் இருந்தது. கற்பனை விளையாட்டுக்கு இந்த முறையில் போதிய இடமில்லை என்று அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக் 1914இல் விமர்சித்தார். அந்த விவாதம் இன்றும் தொடர்கிறது.

மறைத்து வைக்கப்பட்ட மகன்

மரியாவின் வாழ்க்கையில் எளிதில் கடந்துபோக முடியாத ஒரு பகுதி உண்டு. 1898 மார்ச் 31ஆம் தேதி அவருக்கு மாரியோ என்ற மகன் பிறந்தான். தந்தை, உடன் பணியாற்றிய மருத்துவர் மொண்டெசானோ. இருவரும் திருமணம் செய்துகொள்ளவில்லை. மணமாகாத தாய் என்று தெரிந்தால் மரியாவின் மருத்துவத் தொழில் அன்றோடு முடிந்திருக்கும். பிள்ளையைக் கிராமப்புறத்தில் ஒரு குடும்பத்திடம் வளரக் கொடுத்தார்கள். மரியா அவ்வப்போது போய்ப் பார்த்தார். 1912இன் இறுதியில் தாயார் ரெனில்டே இறந்த பிறகே, ஏறத்தாழ 15 வயதான மாரியோ மரியாவிடம் வந்து சேர்ந்தார். அதன் பிறகும் நீண்ட காலம் உலகத்துக்கு அவர் உறவினர் பிள்ளை, அல்லது வளர்ப்புப் பிள்ளை.

ஊரார் பிள்ளைகளுக்காக வாழ்ந்தவர் சொந்தப் பிள்ளையின் இளமைப் பருவத்தில் உடன் இல்லை. இதை வைத்து அவரைக் குறை சொல்வோர் உண்டு. ஆனால் அன்றைய சமூகம் மொண்டெசானோவிடம் அதே விலையைக் கேட்கவில்லை என்பதையும் நாம் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர் வேறொரு பெண்ணை மணந்து, தம் பணியைத் தொடர்ந்தார்.

சர்வாதிகாரியின் ஆதரவு, பிறகு மோதல்

1924இல் முசோலினி மாண்டிசோரி பள்ளிகளுக்கு ஆதரவு தர முன்வந்தார். மரியா அதை ஏற்றார். பள்ளிகள் பெருகின. ஆனால் ஆட்சி விரும்பியது சொன்னதைச் செய்யும் சிப்பாய்களை. தாமே தேர்ந்தெடுத்து, தாமே சிந்திக்கும் பிள்ளைகளை உருவாக்குவது மரியாவின் முறை. இரண்டும் நீண்ட நாள் ஒத்துப்போக முடியவில்லை. 1934இல் இத்தாலியில் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. ஜெர்மனியில் நாஜி ஆட்சியும் மூடியது. பார்சலோனாவில் தங்கியிருந்தவர், 1936இல் ஸ்பானிய உள்நாட்டுப் போர் வெடித்ததும் அங்கிருந்தும் வெளியேறி நெதர்லாந்துக்குப் போனார்.

போரில் முதலில் அடிபடுவது பிள்ளைகள்தான் என்பதை அவர் நேரில் கண்டவர். போரால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு உதவ, செஞ்சிலுவைச் சங்கம்போல ஒரு வெண்சிலுவை அமைப்பு வேண்டும் என்று முதல் உலகப் போரின்போதே கேட்டார். பிள்ளைகளின் உரிமை, அமைதிக்கான கல்வி ஆகியவை குறித்து 1930களில் பல மாநாடுகளில் பேசினார்.

அடையாறும் கோடைக்கானலும்

இந்த நிலையில்தான் பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும், கலாக்ஷேத்ராவை நிறுவிய அவருடைய மனைவி ருக்மிணி தேவியும் அவரைச் சென்னைக்கு அழைத்தார்கள். அடையாற்றில் ஓலைக் கொட்டகைகளில் நடந்த முதல் வகுப்புக்கு இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் சுமார் 300 பேர் வந்தார்கள். மரியா இத்தாலிய மொழியில் பேசினார். மாரியோ அருகில் நின்று ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

1940 ஜூன் மாதம் இத்தாலி போரில் இறங்கியது. ஒரே நாளில் இருவரும் பிரிட்டிஷ் அரசுக்கு எதிரி நாட்டவர் ஆனார்கள். மாரியோ அகமத்நகர் முகாமில் அடைக்கப்பட்டார். மரியாவின் நடமாட்டத்துக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. ஆகஸ்ட் 31ஆம் தேதி அவருடைய 70ஆவது பிறந்தநாள். அன்று அரசப் பிரதிநிதியிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக மாரியோவை விடுவிப்பதாக அதில் இருந்தது. அந்தத் தந்தி அவரை மகன் என்றே குறிப்பிட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மரியா வெளியில் சொல்லாத உறவை ஓர் அரசாங்கத் தந்தி சொல்லிவிட்டது.

பிறகு இருவரும் கோடைக்கானலில் இரண்டு ஆண்டுகள் போலத் தங்கினார்கள். அங்கே பல வயதுப் பிள்ளைகளும் சேர்ந்து படித்த ஒரு சிறு பள்ளியில், ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான பாடமுறை உருவானது. பூமி, உயிர்கள், மனிதர்கள் எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்தவை என்ற முழுக் கதையை முதலில் சொல்லி, அதிலிருந்து ஒவ்வொரு பாடத்துக்கும் போவது அதன் அடிப்படை. இந்தியாவில் இருந்த ஆண்டுகளில் கைக்குழந்தைகளையும் அவர் கூர்ந்து கவனித்தார். பிறந்தது முதல் முதல் சில ஆண்டுகளில் பிள்ளையின் மனம் சூழலை எப்படி உள்வாங்குகிறது என்பது பற்றிய அவருடைய உரைகள் 1949இல் அடையாற்றிலிருந்தே நூலாக வெளிவந்தன. இலங்கையிலும் பயிற்சி வகுப்பு நடத்தினார். அந்த ஆண்டுகளில் அவரிடம் பயின்றவர்கள் ஆயிரத்துக்கும் அதிகம்.

1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளில் அமைதிக்கான நோபெல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு கிடைக்கவில்லை. 1952 மே 6ஆம் தேதி நெதர்லாந்தில் காலமானார். பள்ளிகளை இழுத்து மூடிய அதே இத்தாலி, 1990இல் ஆயிரம் லிரா நோட்டில் அவர் படத்தை அச்சிட்டது.

இதில் நமக்கு என்ன இருக்கிறது?

பாலர் பள்ளி ஆசிரியராகப் போகிறேன் என்று ஒரு மாணவர் சொன்னால், இவ்வளவு நல்ல மதிப்பெண் எடுத்துவிட்டு அதற்கா போகிறாய் என்று கேட்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் படிப்பு எதற்கு என்ற எண்ணமே அதற்குக் காரணம். மரியாவின் வாழ்க்கை அதற்கு நேர் எதிரானது. மருத்துவம், மனநலம் என்று தாம் கற்ற அனைத்தையும் மூன்று வயதுப் பிள்ளையைப் புரிந்துகொள்ளவே அவர் பயன்படுத்தினார்.

சிங்கப்பூரில் இந்தத் துறைக்குள் நுழைய இன்று பல வழிகள் உள்ளன. பாலர் பருவ ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் தேசியக் கழகம் 2019 முதல் இயங்குகிறது. சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் பாலர் கல்வியில் பட்டம் பெறலாம். 2014இல் தொடங்கிய கல்வி அமைச்சின் பாலர் பள்ளிகளில் தமிழும் கற்பிக்கப்படுவதால், நன்றாகத் தமிழ் பேசும் ஆசிரியர்களுக்கு அங்கே வேலை உண்டு. வீட்டில் தமிழ் குறைவாகக் கேட்கும் பிள்ளைக்கு அந்த ஆசிரியரே மொழியின் முதல் வாசலாக இருக்கக்கூடும்.

வகுப்பறைக்கு வெளியிலும் வேலை இருக்கிறது. சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கு உதவும் பேச்சு சிகிச்சை, செயல்முறை சிகிச்சை ஆகியவற்றை, பொங்கோலில் வளாகம் கொண்ட சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகத்தில் படிக்கலாம். துன்புறுத்தலுக்கு ஆளாகும் பிள்ளைகளைக் காக்கும் பணியில் சமூகப் பணியாளர்களும் சட்டம் படித்தவர்களும் தேவைப்படுகிறார்கள். பிள்ளைகளுக்காகப் பேசுவது என்பது மேடைப் பேச்சு மட்டுமன்று; ஒரு வீட்டில் என்ன நடக்கிறது என்று விசாரித்து, எழுதி, உரியவர்களிடம் கொண்டுசெல்வதும் அதுதான்.

படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கவனிக்கவும். மாண்டிசோரி என்ற பெயரை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். ஆகவே பெயர்ப்பலகையை மட்டும் நம்பாமல், ஆசிரியர்கள் எங்கே பயிற்சி பெற்றவர்கள், பிள்ளைகள் தாமே பொருள்களைத் தேர்ந்தெடுக்கிறார்களா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

இந்தத் துறை நமக்கு ஏற்றதா என்று சோதிக்க ஓர் எளிய வழி, தம்மிடம் பயில வந்தவர்களுக்கு மரியா கொடுத்த முதல் வேலைதான். விடுமுறையில் அக்கம்பக்கத்துப் பிள்ளையோ உறவினர் பிள்ளையோ விளையாடும்போது அரை மணி நேரம் அருகில் உட்காருங்கள். உதவி செய்யாமல், திருத்தாமல், கைப்பேசியை எடுக்காமல், அந்தப் பிள்ளை என்ன செய்கிறது என்று மட்டும் பாருங்கள், எழுதி வையுங்கள். அந்த அரை மணி நேரம் சலிப்பாக இருந்தால் அதுவும் ஒரு பதில்தான். இன்னும் கொஞ்சம் பார்க்கலாமே என்று தோன்றினால், விண்ணப்பப் படிவத்தை எடுத்து நிரப்பலாம்.